குரைக்கும் நாய்க்குக் கூலி கொடுப்பது யார்?

பாலாவியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில், படலையை ஒட்டி நாய் கட்டியிருக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள் வருகிறது. நாய் பாய்ந்து குரைக்கிறது. மோட்டார் சைக்கிள் போய்விடுகிறது. ஓட்டி வந்தவர் எப்படியும் கற்பிட்டிக்குப் போகிறவர்தான். நாய்க்கு அது தெரியாது. நான் குரைத்தேன், அவன் போய்விட்டான் என்பதுதான் அதன் கணக்கு. நாளெல்லாம் வண்டி ஓடும் வீதியில் நாளெல்லாம் அதற்கு வெற்றி. குரைப்பு மாதத்துக்கு மாதம் கூடுகிறது. வீட்டார் "நாய் கெட்டுப்போச்சு" என்கிறார்கள்.

நாய் கெட்டுப்போகவில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது. அந்தப் பாடத்தை வீட்டில் யாரும் நினைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாயின் பழக்கத்தை மாற்ற விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: நாய் திரும்பத் திரும்பச் செய்யும் எந்தக் காரியத்துக்கும் எங்கிருந்தோ கூலி கிடைத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1898இல், தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளில் பூனைகளை வைத்துப் பார்த்து எழுதியதும் ஏறக்குறைய இதுவே. பலன் தந்த செயல் நிலைக்கும். பலன் தராத செயல் மெல்ல உதிரும். தீனி மட்டும் கூலியல்ல. அவிழ்த்துவிடுவது கூலி. பயமுறுத்துகிறவர் விலகிப் போவது பெரிய கூலி. பகல் முழுக்கத் தென்னையில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு, "சீ, சும்மா இரு" என்று ஒருவர் வெளியே வந்து அதட்டுவதுகூடக் கூலிதான். ஒரு மனிதமுகமாவது பார்க்கக் கிடைத்ததே!

ஆகவே, பழக்கத்தை மாற்றுவது என்றால் கூலியை மாற்றுவது. அதைக் கொடுப்பவர்கள் வீட்டார். அதனால் பயிற்சியில் பாதிக்கு மேல் மனிதர்களுக்குத்தான்.

வீட்டிலேயே ஏன்?

நாயைக் கொண்டுபோய் எங்காவது ஒரு மாதம் விட்டால் "பழக்கித்" தருவார்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. போன இடத்தில் அது நன்றாகவே கேட்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதை. காரணம், நாய் பாடத்தை இடத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறது. கொழும்பில் சிமெந்துத் தரையில், புது மனிதரின் குரலுக்கு உட்காரப் பழகிய நாய்க்கு, முந்தலில் மணல் முற்றத்தில் வீட்டுப் பிள்ளை சொல்லும் அதே சொல் வேறு சொல்தான். குரைப்பைத் தூண்டும் படலையும், பயப்படுத்தும் வெடிச்சத்தமும், சாப்பாட்டு நேரத்தில் மீன்துண்டு போடும் அம்மம்மாவும் கொழும்பில் இல்லை. குழப்பம் நடக்கும் இடத்தில்தான் தீர்வையும் பழக்க வேண்டும். வீட்டுக்கே வந்து கற்றுத்தரும் முறைக்குக் காரணம் இதுவே.

வீடு தேடி வரும் பயிற்சியாளர் கொழும்புப் பக்கத்தில்தான் எளிதாகக் கிடைப்பார். புத்தளம், சிலாபம் பக்கத்தில் இருப்பவர்கள் கைபேசியில் எடுத்த வீடியோக்களை அனுப்பி ஆலோசனை கேட்கலாம். பல வீட்டுப் பிரச்சினைகளை வீட்டாரே தீர்த்துக்கொள்ளவும் முடியும். அதற்கு நல்ல பயிற்சியாளர் என்ன செய்வார் என்று தெரிந்தால் போதும்.

முதல் வருகையில் பயிற்சி இல்லை

நல்ல பயிற்சியாளர் வந்த உடனே நாயைத் தொடமாட்டார். கேள்வி கேட்பார். எப்போது குரைக்கிறது? யாரைக் கண்டு? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? குரைத்த பிறகு என்ன கிடைத்தது? எத்தனை மணி நேரம் கட்டிக் கிடக்கிறது? எங்கே தூங்குகிறது? வீட்டில் யார் அதட்டுகிறார்கள், யார் ஒளித்து ஊட்டுகிறார்கள்?

இவற்றுள் முக்கியமான கேள்வி, இது எப்போது தொடங்கியது என்பது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் தொட்டால் உறுமுகிறது என்றால், முதலில் போக வேண்டியது மிருக வைத்தியரிடம். காதுக்குள் புண், உண்ணிக் காய்ச்சல், பல்வலி, மூட்டுவலி என்று வலி எதுவாக இருந்தாலும் நாயைச் சிடுசிடுப்பாக்கும். வலியைப் பயிற்சியால் தீர்க்க முடியாது.

அதன் பிறகு ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொல்வார்கள். கொப்பித் தாளில் மூன்று பத்தி: முன்னால் நடந்தது, நாய் செய்தது, பின்னால் கிடைத்தது. வீட்டில் பலரும் இந்த மூன்றாம் பத்தியை நிரப்பும்போதுதான் தாங்களே கூலி கொடுத்துவந்ததைக் காண்பார்கள்.

மூன்று வேலைகள்

குறிப்பு கையில் வந்ததும் வேலை மூன்றாகப் பிரியும். ஒன்று, பழைய பழக்கம் நடக்கவே வழியில்லாமல் செய்வது. இரண்டு, அதன் இடத்தில் வேறொரு செயலைக் கற்றுக்கொடுத்து அதற்குக் கூலி கொடுப்பது. மூன்று, நாயின் மனநிலையை மாற்றுவது.

படலையில் குரைக்கும் நாய்க்கு முதல் வேலை எளிது. கட்டும் இடத்தை வீட்டின் பின்பக்கம் மாற்றுங்கள். அல்லது வீதி தெரியாதபடி வேலியில் கிடுகு வரிந்து கட்டுங்கள். வண்டியைப் பார்க்காத நாய்க்கு வண்டியைத் துரத்திய வெற்றி இல்லை. இது பயிற்சியே அல்ல என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் இதைச் செய்யாமல் மற்றவை ஒன்றும் பலிக்காது. காலையில் பத்து நிமிடம் நீங்கள் கற்றுக்கொடுப்பதை, மிச்ச நாள் முழுக்க வீதி அழித்துவிடும்.

இரண்டாவது வேலைக்குத் தீனி வேண்டும். கடையில் விற்கும் வெளிநாட்டு பிஸ்கட் தேவையில்லை. அவித்து முள் நீக்கிய சாளை, அவித்த கோழி ஈரல், உப்புப் போகும்வரை ஊறவைத்துக் கழுவிய நெத்தலி போதும். அரை நிலக்கடலை அளவுக்குத் துண்டு செய்யுங்கள். பெரிய துண்டு கொடுத்தால் பத்தாவது தடவையில் வயிறு நிறைந்து பாடம் நின்றுவிடும். நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே "சரி" என்று ஒரு சொல், உடனே தீனி. மூன்று விநாடி தாமதித்தால், அதற்குள் நாய் வேறு ஏதாவது செய்திருக்கும். கூலி அதற்குப் போய்விடும். சொல்லும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்பா "இரு" என்றும், மகள் "சிட்" என்றும், பக்கத்து வீட்டார் சிங்களத்திலும் சொன்னால் நாய்க்கு அவை வெவ்வேறு ஓசைகள்.

மூன்றாவது வேலைதான் ஆழமானது. பயத்தாலோ ஆத்திரத்தாலோ குரைக்கும் நாய்க்கு "உட்கார்" என்று கற்றுக்கொடுத்தால் மட்டும் பயம் போகாது. இங்கே உதவிக்கு வருபவர் ரஷ்யாவின் இவான் பாவ்லோவ். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற இவர், தீனிக்கு முன் வழக்கமாக வரும் ஓர் அடையாளத்தைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். அடையாளத்தின் பொருளை மாற்றினால் உணர்ச்சியும் மாறும்.

ஒரு நடைமுறை எடுத்துக்காட்டு: 'சூன் பாண்' முச்சக்கரவண்டி. பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் அந்தப் பேக்கரி வண்டியைக் கேட்டால் ஊளையிடாத நாய் குறைவு. உங்கள் நாயும் அப்படியென்றால் அந்த மெட்டைக் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். நாய் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு, மிகச் சன்னமாகப் போடுங்கள். மெட்டுத் தொடங்கியதும் மீன்துண்டு, இன்னொரு துண்டு, இன்னொன்று. மெட்டு நின்றதும் தீனியும் நிற்க வேண்டும். முறை மாறக்கூடாது: முதலில் சத்தம், பிறகுதான் மீன். நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம். மெட்டைக் கேட்டதும் நாய் குரைக்காமல் உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். சத்தத்தை ஒரு படி கூட்டுங்கள். கைபேசியில் முழுச் சத்தத்துக்கும் அமைதியாக இருக்கப் பழகிய பிறகு, உண்மையான வண்டி வரும் நேரத்தில் வீட்டின் பின்பக்கமிருந்து தொடங்கி, நாளுக்கு நாள் சற்றுச் சற்றாக வாசலை நோக்கி வாருங்கள்.

இதில் அளவுகோல் நாயிடமே இருக்கிறது. விருப்பமான மீனைக்கூட வேண்டாமென்று மறுத்தால் சத்தம் அதிகம், அல்லது தூரம் குறைவு. ஒரு படி பின்னால் போங்கள். அவசரப்படுத்தினால் அன்றுவரை செய்த வேலை வீண்.

கடற்கரையில் 'விடு'

புத்தளம் கரையோரத்தில் நாய் வளர்ப்பவர் வேறெதைக் கற்றுக்கொடுக்காவிட்டாலும் இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். உடப்பு, கண்டக்குழி போன்ற இடங்களில் வலையில் வந்த வேண்டாத மீன் மணலில் கிடப்பது வழக்கம். அவற்றில் பேத்தையும் இருக்கும். அதன் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடொடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. வெயிலில் காய்ந்தாலும், அடுப்பில் வெந்தாலும் அது போகாது. தின்ற நாய்க்குக் கால் தள்ளாடும், உடல் மரத்துப்போகும், கடைசியில் மூச்சு நிற்கும். முறிமருந்து கிடையாது.

'விடு' பாடத்தை வீட்டுக்குள்ளே தொடங்குங்கள். சாதாரணச் சோற்று உருண்டை ஒன்றைக் கைக்குள் மூடிப் பிடித்து நாயின் மூக்குக்கு முன் காட்டுங்கள். அது முகரும், நக்கும், காலால் பிறாண்டும். ஒன்றும் பேசாதீர்கள், கையையும் இழுக்காதீர்கள். சலித்துப்போய் மூக்கை எடுக்கும் அந்தக் கணம் "சரி" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து மீன்துண்டு கொடுங்கள். மூடிய கையில் இருந்ததை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. விட்டால் இதைவிட நல்லது கிடைக்கும் என்பதுதான் பாடம். கையைக் கண்டதும் மூக்கை விலக்கத் தொடங்கிய பிறகு "விடு" என்ற சொல்லைச் சேருங்கள். அடுத்துத் திறந்த கை, அதன் பிறகு தரையில், காலடியில், பிறகு முற்றத்தில், கடைசியாகக் கடற்கரையில், கயிற்றில் பிடித்தபடி ஒரு மீன்தலைக்குப் பக்கத்தில். ஒரு படியில் பத்துக்கு எட்டுத் தடவையாவது சரியாகச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அடி உதவாது

"அடியாத மாடு படியாது" என்ற எண்ணம் நம்மிடம் ஊறியது. நாயிடம் அது பலிப்பதுபோலத் தெரியும். அடித்ததும் அந்த இடத்தில் குரைப்பு நின்றுவிடும். ஆனால் நாய் கற்றது என்ன? சைக்கிள்காரர் வந்தால் எனக்கு அடி விழுகிறது. இனிச் சைக்கிள்காரர் மீது அதற்குப் பயமும் வெறுப்பும் கூடும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமாமல் இருக்கப் பழகும். அடுத்த தடவை முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அழித்துவிட்டால் நமக்குத்தான் ஆபத்து.

"நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற பேச்சும் இங்கே வரும். அதன் வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட, கூண்டில் அடைபட்ட ஓநாய்கள் பற்றிய ஆய்வில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை வரத்தான் செய்யும். காட்டு ஓநாய்க் கூட்டம் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் என்பதை டேவிட் மெக் 1999இல் விளக்கி எழுதினார். தலைமைக்கான போராட்டம் என்ற கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவராக இருந்தவரே அவர்தான். அமெரிக்க மிருக வைத்திய நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நாய்ப் பயிற்சி எல்லாவற்றுக்கும், ஆத்திரம் கொண்ட நாய்களுக்கும்கூட, வெகுமதி வழியையே பரிந்துரைத்தது. மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியை வேல்ஸ் 2010இலேயே தடைசெய்துவிட்டது.

"இதெல்லாம் சாதி நாய்க்குச் சரி, ஊர் நாய்க்கு எங்கே படிப்பு ஏறும்?" என்பார்கள். ஏறும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வைத்தே இதைப் பார்த்தது. மீண்டும் மீண்டும் சந்திக்கும் அறியாத மனிதரிடம் தீனியைவிடத் தடவிக்கொடுத்தலுக்கே அவை நெருங்கி வந்தன என்று 2017இல் எழுதினார்கள். மனிதர் விரலால் சுட்டும் பக்கத்தை அவை புரிந்துகொண்டு போகின்றன என்று 2020இல் காட்டினார்கள். யாரும் பயிற்றாத நாய்கள் அவை.

குட்டியாக இருக்கும்போதே

ஜான் போல் ஸ்கொட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நீண்ட கால ஆய்வின்படி, குட்டிக்கு 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12ஆம் வாரம் வரையான காலம் மிக முக்கியம். அந்த நாட்களில் நல்லவிதமாகச் சந்தித்ததெல்லாம் பிறகு சாதாரணமாகத் தோன்றும். இங்கே அப்படிச் சந்திக்க வேண்டியவை என்ன? ஹெல்மட் போட்டவர், அபாயா அணிந்தவர், குடை பிடித்தவர், சீருடைப் பிள்ளைகள், படகு இயந்திரத்தின் இரைச்சல், ஆடு, கோழி. தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனித்துண்டு.

வெடிக்குப் பயந்த பெரிய நாய்க்குத் திருவிழா அன்று பயிற்சி கிடையாது. சித்திரைப் புத்தாண்டு, நத்தார், உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழா, தலவில புனித அன்னம்மாள் திருநாள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள்தானே. ஜன்னல் சாத்திய உள்ளறை, வானொலிச் சத்தம், பக்கத்தில் ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்யுங்கள். தடவி ஆறுதல்படுத்தினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. மிகவும் நடுங்கும் நாய்க்கு மிருக வைத்தியர் மருந்து தருவார். ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

அயலாரை மறக்கவேண்டாம்

பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் அருகருகே இருக்கும் கரையோரம் இது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் (சட்டப்பள்ளியில்) நாயின் எச்சில் நஜீஸ், அதாவது அசுத்தம். பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணைக் கொண்டு கழுவ வேண்டும். காவலுக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. ஆகவே வருகிறவர் மீது பாய்ந்து நக்கும் நாய், அன்பால் செய்தாலும், அடுத்த வீட்டாருக்குத் தொழுகை நேரத்துச் சங்கடம்.

பாயும் நாய்க்கும் கூலிக் கணக்குத்தான். "போ, போ" என்று தள்ளுவதை அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக விறாந்தையின் மூலையில் ஒரு சாக்கை விரியுங்கள். அதில் நான்கு காலும் இருக்கும்போது மட்டும் தீனி. முதலில் வீட்டார் படலையைத் தட்டிப் பழக்கலாம். பிறகு பொறுமையுள்ள நண்பர் ஒருவர். சாக்கில் இருந்தால் எல்லாம் கிடைக்கும், பாய்ந்தால் பார்வைகூடக் கிடைக்காது என்று வீடு முழுக்க ஒரே சட்டமாக இருக்கட்டும். எல்லோரும் மறுத்து, ஒருவர் மட்டும் பத்துக்கு ஒரு தடவை இளகினாலும் போதும். அந்தப் பத்தாவது தடவைக்காக நாய் நூறு தடவை முயலும். சாப்பாட்டு மேசையில் அம்மம்மா போடும் துண்டு செய்வது இதைத்தான்.

பயிற்சி முடியும் எல்லை

கடித்துக் காயம் ஏற்பட்டிருந்தால், குழந்தை கிட்டே வரும்போது நாய் விறைத்து நின்று கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், தீனித்தட்டைக் காத்து உறுமினால், தனியே முயலவேண்டாம், தகுந்தவரை அழையுங்கள். உலகின் பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் தன்னை நாய்ப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜீன் டொனால்ட்சன் சொல்லும் வழியில் மூன்று கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? அதைவிட மென்மையான வழி உண்டா? இரண்டாம் கேள்விக்கு மழுப்பினாலும், ஒரே வாரத்தில் முழுதாக மாற்றித்தருவதாக உறுதி சொன்னாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு நிலையில் மட்டும் பயிற்சிப் பேச்சே கூடாது. நாயின் குணம் திடீரென மாறி, எச்சில் வடிந்து, குரல் மாறி, கண்டதைக் கடித்தால் அது விசர் நோயாக இருக்கலாம். கிட்டே போகாமல் பொது சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலங்கையில் 1973இல் இந்த நோயால் இறந்தவர்கள் 377 பேர். இன்று அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருப்பதற்கு நாய்களுக்குப் போடும் தடுப்பூசி பெரிய காரணம். ஆண்டுதோறும் போடும் அந்த ஊசிக்குப் பிறகுதான் மற்றப் பயிற்சி எல்லாம்.

எத்தனை நாள்?

சாக்கில் இருப்பது, 'விடு' போன்றவை சில வாரங்களில் பிடிபடும். பயமும் ஆத்திரமும் மாற மாதங்கள் ஆகும். இடையில் ஒன்று நடக்கும், அதைத் தெரிந்துவைத்திருங்கள். பழைய கூலியை நிறுத்தியதும் குரைப்பு முதலில் கூடும். இதுவரை கிடைத்தது ஏன் நின்றது என்று நாய் இன்னும் பலமாகக் கேட்கிறது. பெரும்பாலான வீடுகள் கைவிடுவது இந்த நாட்களில்தான். அப்போது இளகினால், பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்ற புதிய பாடத்தைக் கொடுத்தவர்களாவோம்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லையென்றால் நாயைக் குறைசொல்லாமல் கொப்பியைத் திறந்து மூன்றாம் பத்தியைப் பாருங்கள். வீட்டில் யாரோ, அல்லது வீதியில் ஏதோ, இன்னும் பழைய கூலியைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.